கூட்டு வியாபாரமும் புதிய கணக்கு விதிகளும்

கூட்டு வியாபாரம் நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். ஒருவரிடம் பணம் இருக்கும். மற்றொருவரிடம் தொழில் நுணுக்கம் இருக்கும். மூன்றாமவருக்கு ஊராரிடம் செல்வாக்கும் வாடிக்கைக்காரரிடம் நன்மதிப்பும் இருக்கும். தனித்தனியே இயலாத காரியம் மூவரும் சேர்ந்தால் இயலுகிறது. இத்தகைய சேர்க்கையைத் தாங்கி நிற்பவை நம்பிக்கையும் கணக்கும் ஆகும். வியாபாரம் செழித்து, கூட்டாளிகள் ஒற்றுமையாக இருக்கும் காலத்தில் கணக்கை எவரும் கூர்ந்து நோக்குவதில்லை. ஒருவர் விலகும்போதோ, இறக்கும்போதோ, வங்கியில் பெருந்தொகை கடன் கேட்கும்போதோதான் எல்லாருடைய பார்வையும் பேரேட்டின்மேல் திரும்புகிறது. அந்நாளில் அந்தப் பேரேடு என்ன சொல்லுகிறதோ அதைப் பொறுத்தே சில குடும்பங்களின் வாழ்வும் தாழ்வும் அமைகின்றன. ஆகவே, கூட்டு வியாபாரக் கணக்குகளை எவ்வாறு எழுதி வெளியிட வேண்டும் என்பதுபற்றி அண்மையில் ஏற்பட்டுள்ள விதிகளை இன்று நாம் சற்று விளங்கிக்கொள்ள முயல்வோம்.

முதலில் சட்டம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். கூட்டு வியாபாரங்களை ஆளுவது 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் உண்மையான கணக்கைக் காட்ட வேண்டும், வியாபாரத்தைப் பாதிக்கும் எல்லாச் செய்திகளையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு விதிக்கிறது. ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஏடுகளைப் பார்வையிடவும் படியெடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று 12ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்த உண்மையான கணக்கு எந்த வடிவில் இருக்க வேண்டும், சரக்கை எவ்விலைக்கு மதிக்க வேண்டும், தேய்மானத்தை எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பனபற்றி அச்சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டுக் கணக்கை நிறுவனப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. எனவே ஒவ்வொரு கடையும் தன் முன்னோர் வழக்கப்படியோ, தன் கணக்குப்பிள்ளையின் பழக்கப்படியோ கணக்கை முடித்து வந்தது.

இவ்வழக்கங்களுக்கு ஓர் அழகும் உண்டு. குஜராத்தில் தீபாவளியன்று சோப்டா பூஜை செய்து புதுப் பேரேடு தொடங்குகின்றனர். வங்காளத்தில் புத்தாண்டு நாளில் ஹால்காதா என்று பழைய பாக்கியைத் தீர்த்துப் புதுக்கணக்கு எழுதுகின்றனர். நம்மவர் சரஸ்வதி பூஜையில் கணக்கேடுகளை வைத்து வணங்குகின்றனர். கணக்காண்டு ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த நிலைமையை வருமானவரிச் சட்டம் மாற்றியது. 1989 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கிய வரிவிதிப்பு ஆண்டு முதல், வரிக்காக எல்லாரும் மார்ச் 31ஆம் தேதியன்றே கணக்கை முடித்தல் வேண்டும் என்றாயிற்று. நாள் ஒன்றான போதிலும் முறை ஒன்றாகவில்லை. அந்த முறையை ஒன்றாக்கும் முயற்சியே கணக்கியல் தரங்கள் எனப்படுவன.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், 1977ஆம் ஆண்டில் கணக்கியல் தரக் குழு ஒன்றை நிறுவியது. ஒரே வகையான நிகழ்ச்சியை எல்லா நிறுவனங்களும் ஒரே வகையாக ஏட்டில் ஏற்ற வேண்டும் என்பதே அக்குழுவின் நோக்கம். 1979ஆம் ஆண்டில் முதல் தரம் வெளிவந்தது. பிறகு படிப்படியாகப் பல தரங்கள் வந்தன. கம்பெனிகளைப் பொறுத்தவரை இவற்றை அரசாங்கமே சட்ட விதிகளாக அறிவித்துவிட்டது. பெரிய கம்பெனிகளுக்கு 2015ஆம் ஆண்டில் வேறொரு தொகுதித் தரங்களும் விதிக்கப்பட்டன. அந்தப் பெரிய தொகுதி கூட்டு வியாபாரங்களுக்கு உரியதன்று. கழகம் வகுத்த தரங்களே நம் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் உரியவை.

அண்மையில் நேர்ந்த மாறுதல்கள் இரண்டு. கம்பெனியல்லாத நிறுவனங்களைக் கழகம் 2021ஆம் ஆண்டில் நான்கு படிகளாகப் பிரித்திருந்தது. அதை நீக்கி, 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு இரண்டே வகுப்புகளை ஏற்படுத்தியது. முந்தைய ஆண்டின் விற்பனை வரவு 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்டாலோ, அவ்வாண்டில் எப்பொழுதேனும் கடன் 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்டிருந்தாலோ அது பெரிய நிறுவனம். வங்கி, காப்பீடு ஆகிய தொழில்களை நடத்துவனவும், பங்குச் சந்தையில் பத்திரங்களைப் பட்டியலிட்டவையும் அளவு எதுவாயினும் பெரியவையே. மற்றவை குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் என்ற ஒரே வகுப்பில் அடங்கும். நம் நாட்டுக் கூட்டு வியாபாரங்களில் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டாம் வகுப்பையே சேர்ந்தவை என்பது சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது மாறுதல், கணக்கின் தோற்றத்தைப் பற்றியது. கம்பெனியல்லாத நிறுவனங்களின் ஐந்தொகையும் இலாப நட்டக் கணக்கும் எவ்வாறு அமைய வேண்டும் என்று கழகம் 2023ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டுக் குறிப்பை வெளியிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே 2025 மார்ச் 31ஆம் தேதி முடித்த கணக்கே புதிய வடிவில் எழுதப்பட வேண்டிய முதற் கணக்கு.

‘நமது வியாபாரம் சிறியது, நமக்கேன் இந்த விதி?’ என்று சிலர் கேட்கக்கூடும். சிறிய நிறுவனங்களுக்குச் சலுகைகள் உண்டு. முழு விலக்கு இல்லை. பணம் எங்கிருந்து வந்து எங்கே சென்றது என்று காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கையை அவை தயாரிக்க வேண்டியதில்லை. தொழிலின் கிளைக்குக் கிளை தனித்தனி விவரம் தர வேண்டியதில்லை. ஆனால் சரக்கு மதிப்பீடு, வருவாயை ஏற்றுக்கொள்ளும் காலம், தேய்மானம், எதிர்பார்க்கும் கடப்பாடுகள் ஆகியவைபற்றிய அடிப்படை விதிகள் எல்லாருக்கும் பொதுவானவை.

‘கூட்டாண்மைச் சட்டம் விதிக்காத ஒன்றை எவர் நம்மீது திணிக்க முடியும்?’ என்பது அடுத்த கேள்வி. இவ்விதிகள் தணிக்கையாளர் வழியாகவே நம்மை வந்து அடைகின்றன. வியாபாரத்தின் ஆண்டு விற்பனை ஒரு கோடி ரூபாயைத் தாண்டினால் வரித் தணிக்கை தேவை; ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாதபோது இந்த வரம்பு பத்துக் கோடி வரை உயருகிறது. தணிக்கை செய்யும் பட்டயக் கணக்காளர் தம் கழகத்தின் தரங்களுக்குக் கட்டுப்பட்டவர். கணக்கு அவற்றிற்கு மாறாக இருந்தால் அதை அவர் தம் அறிக்கையில் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர். அந்த அறிக்கையைத்தான் வங்கி படிக்கிறது. வரி அதிகாரி படிக்கிறார். நாளை நம் பங்கை வாங்க வருபவரும் படிப்பார்.

இனி, கணக்கின் தோற்றம் எவ்வாறு மாறுகிறது என்று காண்போம். பழைய முறையில் ஐந்தொகை இரு பக்கங்களாக இருக்கும். இடப்பக்கம் முதலும் கடனும், வலப்பக்கம் சொத்துக்கள். புதிய வடிவில் அவை மேலிருந்து கீழாக வரிசையாக அமைகின்றன. உரிமையாளர் நிதி முதலில். ஓராண்டுக்குப் பின்னர் தீர்க்க வேண்டிய கடன்கள் அடுத்து. ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டியவை அதற்கடுத்து. சொத்துக்களும் அவ்வாறே நீண்டகாலச் சொத்து என்றும் நடப்புச் சொத்து என்றும் பிரிகின்றன. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் சென்ற ஆண்டின் இலக்கமும் இடம்பெற வேண்டும். வெறும் அச்சு மாற்றம்போல் இது தோன்றலாம். ஆயினும், அடுத்த பன்னிரண்டு மாதங்களில் நாம் கொடுக்க வேண்டியது எவ்வளவு, நம் கைக்கு வரக்கூடியது எவ்வளவு என்பதை ஒரே பார்வையில் இவ்வடிவம் காட்டிவிடுகிறது. கடனில் மூழ்கிய கடைகள் பல, இந்த ஒரு கேள்வியைக் காலத்தில் கேட்காமையால் மூழ்கியவையே.

கூட்டாளிகளின் கணக்கில் வரும் மாறுதல் இன்னும் முக்கியமானது. ஒவ்வொரு கூட்டாளியும் போட்ட முதல், ஆண்டில் சேர்த்தது, எடுத்தது, ஊதியம், வட்டி, இலாபப் பங்கு, முடிவில் நிற்பது ஆகிய யாவும் தனித்தனியே தெரிய வேண்டும். கூட்டாளி கொடுத்த கடன் வேறு. அவர் போட்ட முதல் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சட்டத்தின் கண்ணில் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதலுக்குரிய வட்டியை இலாபத்திலிருந்து மட்டுமே கொடுக்கலாம். முதலுக்கு மேற்பட்டுக் கொடுத்த கடனுக்கோ ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் வட்டி உண்டு என்று 13ஆம் பிரிவு கூறுகிறது. நிறுவனம் கலையும்போதும், வெளியாரின் கடன் தீர்ந்தபின் கூட்டாளி கொடுத்த கடனும், அதன்பின்னரே முதலும் திரும்ப வரும் என்று 48ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. பத்து இலட்சம் கடனாகக் கொடுத்தவரின் தொகை ஏட்டில் முதல் என்று எழுதப்பட்டிருந்தால், கலைப்பு நாளில் அவர் ஒரு படி பின்னே தள்ளப்படுகிறார். புதிய வடிவம் இவ்விரண்டையும் வெவ்வேறு தலைப்பில் எழுதச் சொல்லுவதன் பயன் இதுதான்.

இலாப நட்டக் கணக்கில், கூட்டாளிகளின் ஊதியத்துக்கு முன்னுள்ள இலாபம் ஒரு வரியாகவும், ஊதியம் தனி வரியாகவும் காட்டப்படுகின்றன. இதனால் வியாபாரம் தன் வலிமையால் சம்பாதித்தது எவ்வளவு, கூட்டாளிகளின் உழைப்புக்குக் கொடுத்தது எவ்வளவு என்பது விளங்கும். உழைக்கும் கூட்டாளிக்கும் பணம் மட்டும் போட்டிருக்கும் கூட்டாளிக்கும் இடையே எழும் மனவேறுபாடுகளில் பாதி, இந்த வரி மறைந்து கிடப்பதால் எழுவது.

தோற்றத்தை விட்டு இப்பொழுது மதிப்பீட்டுக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் கொள்வோம். மூன்று கூட்டாளிகள் சமபங்கில் ஒரு துணி வியாபாரம் நடத்துகின்றனர். நெசவுக்கென ஓர் இயந்திரமும் வைத்திருக்கின்றனர். பழைய வழக்கப்படி எழுதிய கணக்கில் ஆண்டு இலாபம் 24 இலட்சம் ரூபாய். அதைத் தரங்களின்படி சோதிப்போம்.

கிடங்கில் 9 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய பழைய துணி கிடக்கிறது. இன்று அதை விற்றால் செலவு போக 6 இலட்சமே கிடைக்கும். அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை ஆகிய இரண்டில் குறைந்ததையே சரக்குக்கு மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்பது இரண்டாம் தரத்தின் விதி. ஆகவே 3 இலட்சம் குறைகிறது. அடுத்து, தொழிலாளரின் பணிக்கொடை. அது அவர்கள் விலகும் நாளில் திடீரென்று பிறக்கும் செலவன்று. அவர்கள் உழைக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதில் ஒரு பகுதி நம் கடனாக ஏறிக்கொண்டே வருகிறது. இவ்வாண்டின் பகுதி ஒன்றரை இலட்சம் என்று கொள்வோம். அதுவும் குறைகிறது. மூன்றாவது, மார்ச் மாதத்துக் கூலியும் மின்கட்டணமும் ஏப்ரலில் கொடுக்கப்படுகின்றன. கொடுத்தபொழுது எழுதுவது பழைய பழக்கம். எந்த மாதத்துக்கு உரியதோ அந்த மாதத்தில் எழுதுவது தரம் வேண்டும் முறை. சென்ற ஆண்டுப் பாக்கியைவிட இவ்வாண்டுப் பாக்கி ஓர் இலட்சம் மிகுதி என்றால் அந்த ஓர் இலட்சமும் குறைகிறது.

எல்லாம் குறைவதே என்று எண்ண வேண்டா. 20 இலட்சம் ரூபாய்க்கு இவ்வாண்டின் தொடக்கத்தில் வாங்கிய இயந்திரத்துக்கு, வரிச் சட்டத்தின் பொது வீதமான நூற்றுக்குப் பதினைந்தின்படி 3 இலட்சம் தேய்மானம் எழுதப்பட்டிருக்கிறது. இயந்திரமோ பத்தாண்டு உழைக்கும் என்பது நம் மதிப்பு. இறுதியில் பழைய இரும்பாக வருவது அற்பம். பயன்படும் காலத்துக்கு ஏற்பத் தேய்மானத்தைப் பரப்புக என்பதே பத்தாம் தரத்தின் கருத்து. ஆண்டுக்குச் சமமாகப் பரப்பினால் 2 இலட்சமே ஆகிறது. ஓர் இலட்சம் இலாபத்தில் கூடுகிறது. வரி விண்ணப்பத்தில் வரிச் சட்டத்தின் வீதப்படியே கணக்கிட்டுக்கொள்ளலாம்; அதற்கென்று தனி விவரம் உண்டு. வரிக்காக ஒரு கணக்கீடும், உண்மை நிலைக்காக ஒரு கணக்கீடும் இருத்தல் குற்றமன்று. இரண்டும் ஒரே ஏட்டிலிருந்து எழ வேண்டும் என்பதே முக்கியம்.

ஆக, 24 இலட்சத்தில் மூன்றும், ஒன்றரையும், ஒன்றும் கழித்து, ஒன்றைக் கூட்டினால் பத்தொன்பதரை இலட்சம் நிற்கிறது. ஒவ்வொருவருடைய பங்கு 8 இலட்சம் அன்று, ஆறரை இலட்சம். பழைய கணக்கை நம்பி மூவரும் 8 இலட்சம் வீதம் எடுத்துச் செலவிட்டிருந்தால், இலாபம் என்று எண்ணி நாலரை இலட்சம் முதலை உண்டவர் ஆவர். ஓர் ஆண்டு இவ்வாறு போனால் தாங்கலாம். ஐந்தாறு ஆண்டுகள் போனால், கிடங்கு நிறைய விலைபோகாத துணியும், கொடுக்க வழியில்லாத பணிக்கொடையும், வற்றிய முதலுமாக வியாபாரம் நின்றுவிடும். கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாளி. கடை வற்றினால் கடன்காரர் கூட்டாளியின் வீட்டுக் கதவைத் தட்டுவர் என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்தது நற்பெயர் என்னும் சொத்து. நெடுங்காலம் நேர்மையாக நடந்த கடைக்கு வாடிக்கை தானே வந்து சேரும். அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு கூட்டாளி விலகும்போது அந்த மதிப்பில் தம் பங்கைக் கேட்பது நியாயமே. அதை ஏட்டில் எவ்வாறு எழுதுவது என்பதில்தான் வழக்கமும் தரமும் வேறுபடுகின்றன.

மூன்று கூட்டாளிகளுக்கும் தலைக்கு 20 இலட்சம் முதல் இருக்கிறது; மூத்தவர் விலகுகிறார்; நற்பெயரின் மதிப்பு 30 இலட்சம் என்று மூவரும் ஒப்புக்கொள்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பழைய வழக்கப்படி, நற்பெயர் என்று 30 இலட்சம் ரூபாய்ச் சொத்தை ஏட்டில் உண்டாக்கி, மூவர் முதலிலும் பத்துப் பத்து இலட்சம் வரவு வைப்பர். மூத்தவர் 30 இலட்சத்துடன் விலகுவார். எஞ்சிய இருவரின் முதலும் 60 இலட்சம் என்று ஏடு காட்டும். 26ஆம் தரம் இதை ஒப்புவதில்லை. விலைகொடுத்து வாங்கிய நற்பெயரையே சொத்தாக எழுதலாம். நாமே வளர்த்துக்கொண்டதை எழுதலாகாது என்பது அதன் விதி. ஆகவே விலகுபவருக்குரிய 10 இலட்சத்தை, அவர் பங்கை அடையும் இருவர் முதலிலும் ஐந்தைந்து இலட்சமாகப் பற்று வைத்து, அவர் முதலில் வரவு வைக்க வேண்டும். அப்பொழுதும் மூத்தவர் பெறுவது அதே 30 இலட்சம்தான். எஞ்சிய இருவரின் முதல் மட்டும் தலைக்கு 15 இலட்சமாக, மொத்தம் 30 இலட்சமாகக் காணப்படும்.

அறுபதுக்கும் முப்பதுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. அறுபதைப் பார்த்துக் கடன் கொடுக்கும் வங்கி, இல்லாத செங்கல்லின்மேல் வீடு கட்டுகிறது. அறுபதைப் பார்த்துத் தம் சேமிப்பைப் போட்டுப் புதிதாகச் சேரும் இளைய கூட்டாளியும் அவ்வாறே. இவ்விதி நேற்றுப் பிறந்ததன்று. ஆயினும் கூட்டு வியாபாரங்களில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. கூட்டாளிகளின் முதல் எவ்வாறு ஏறி இறங்கிற்று என்பதை ஆண்டுதோறும் விவரமாகக் காட்டும் வடிவம் வந்தபின் அதை மறைத்து வைத்தல் அரிது.

கூட்டாளி ஒருவர் இறந்துவிட்டால் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. கணக்கு தீராமலே மற்றவர்கள் வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்தினால், இறந்தவரின் வாரிசுகள் அவர் பங்கைப் பயன்படுத்தியதால் வந்த இலாபத்தையோ, அல்லது அப்பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் வட்டியையோ தேர்ந்து பெறலாம் என்று 37ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஒப்பந்தம் வேறாக இருந்தால் அதன்படி நடக்கும். பங்கு 30 இலட்சம் என்றால் வட்டி ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். பங்கு 20 இலட்சம் என்று ஏடு காட்டினால் 1,20,000 ரூபாய். வியாபாரத்தில் தலையிட்டே அறியாத ஒரு விதவைக்கும் பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த அறுபதினாயிரம் ரூபாய் எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டுமா? சரக்கு மதிப்பும், தேய்மானமும், நிலுவைகளும் ஒழுங்காக எழுதப்பட்ட ஏடே அவர்களுக்காகப் பேசும் சாட்சி. அந்த ஏடு ஊமையாக இருந்தால் அவர்கள் நீதிமன்றத்தின் படிகளை ஏற வேண்டியதுதான்.

வரிச் சட்டத்தில் வந்துள்ள மாறுதல்களும் இக்கணக்கு முறையோடு பிணைந்தவை. உழைக்கும் கூட்டாளிகளின் ஊதியத்தை எவ்வளவு வரை செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. 2024ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை உயர்த்தியது: ஏட்டு இலாபத்தின் முதல் 6 இலட்சத்துக்கு 3 இலட்சம் ரூபாய் அல்லது நூற்றுக்குத் தொண்ணூறு, இவற்றில் மிகுந்தது, அதற்கு மேற்பட்ட இலாபத்துக்கு நூற்றுக்கு அறுபது. அன்றியும் 2025 ஏப்ரல் 1 முதல், கூட்டாளிக்குத் தரும் ஊதியம், தரகு, போனஸ், வட்டி ஆகியவை சேர்ந்து ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், நூற்றுக்குப் பத்து வீதம் வரியை முன்னரே பிடித்துச் செலுத்த வேண்டும். தொகையைக் கையில் கொடுத்தாலும், முதற் கணக்கில் வரவு மட்டும் வைத்தாலும், இவற்றுள் முந்தியது எதுவோ அப்பொழுதே பிடித்தல் வேண்டும். 2026 ஏப்ரல் 1ஆம் தேதியைத் தொடக்க நாளாகக் கொண்ட 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டத்திலும் இவ்வேற்பாடு இடம்பெற்றுள்ளது.

இதன் பொருள் என்ன? ஆண்டு முழுவதும் தேவைக்கேற்பப் பணத்தை எடுத்துக்கொண்டு, செப்டம்பரில் தணிக்கையாளரின் மேசையில் உட்கார்ந்து, ‘இதில் இவ்வளவு ஊதியம், இவ்வளவு வட்டி, மீதி எடுப்பு’ என்று பின்னோக்கிப் பிரிக்கும் வழக்கம் இனிச் செல்லாது. எடுக்கும்போதே அது ஊதியமா, வட்டியா, கடனா, சொந்தச் செலவுக்கான எடுப்பா என்று ஏட்டில் எழுத வேண்டும். கணக்கு விதி கேட்பதும் அதுவே. வரி விதி கேட்பதும் அதுவே.

வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை என்ற மற்றொரு வகையும் நம் நாட்டில் உண்டு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இவ்வகையில் கூட்டாளியின் சொந்தச் சொத்துக்குப் பொதுவாகப் பாதுகாப்பு உண்டு. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் கணக்கும், கடன் தீர்க்கும் வல்லமை பற்றிய அறிக்கையும் பதிவாளரிடம் கொடுக்கப்பட வேண்டும். விற்பனை 40 இலட்சத்துக்கோ, கூட்டாளிகள் இட்ட தொகை 25 இலட்சத்துக்கோ மேற்பட்டால் தணிக்கையும் கட்டாயம். இவற்றுக்கெனக் கழகம் தனி வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. கணக்கியல் தரங்களைச் சட்ட விதியாகவே அறிவிக்கும் அதிகாரத்தை 2021ஆம் ஆண்டுத் திருத்தம் மத்திய அரசாங்கத்துக்கு அளித்துள்ளது. பாதுகாப்பு மிகும் இடத்தில் வெளிப்படையும் மிக வேண்டும் என்ற நியாயம் இதில் விளங்குகிறது.

புதிய விதிகளின்மேல் சொல்லப்படும் குறைகளையும் நாம் புறக்கணித்தலாகாது. சிறிய ஊரில் மளிகைக் கடை நடத்தும் இரு சகோதரர்களுக்கு நீண்டகாலம், நடப்புக்காலம் என்ற பிரிவுகள் புதியவை. கணக்குப்பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும். தணிக்கைக் கட்டணமும் உயரக்கூடும். கூட்டாளிகளுக்குள் மட்டும் இருந்த செய்திகள் வங்கி அதிகாரி கைக்குப் போகின்றன என்ற அச்சமும் உண்டு. இவை உண்மையான சுமைகளே. தரங்கள் எல்லா நோய்க்கும் மருந்தாகா என்பதும் உண்மை. விற்றதை எழுதாமல் விடுபவரை எந்த வடிவமும் தானாகப் பிடித்துவிடாது. நற்பெயரின் மதிப்பு முப்பதா, இருபதா என்பதை எந்தத் தரமும் தீர்த்து வைக்காது. அது கூட்டாளிகளின் ஒப்பந்தத்தில் எழுதி வைக்க வேண்டிய செய்தி.

ஆகவே செய்யத்தக்கவை சில உள. கூட்டு ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இலாபம் என்று அதில் கூறப்பட்டிருப்பது எந்தக் கணக்கின்படியான இலாபம், ஊதியத்துக்கு முன்னதா பின்னதா, நற்பெயரை எத்தனை ஆண்டு இலாபத்தைக் கொண்டு மதிப்பது, விலகுபவருக்கு எத்தனை தவணையில் கொடுப்பது என்பவை தெளிவாக இல்லையெனில், ஒற்றுமை நிலவும் இந்நாளிலேயே அவற்றைத் திருத்தி எழுதிக்கொள்ளுதல் நலம். முதலும் கடனும் தனித்தனிப் பேரேட்டுப் பக்கங்களில் நிற்க வேண்டும். மார்ச் 31ஆம் தேதி சரக்கைக் கண்ணால் பார்த்து எண்ணி, எல்லாக் கூட்டாளிகளும் அப்பட்டியலில் கையொப்பம் இட வேண்டும். கட்டடம், இயந்திரம், வண்டி இவற்றிற்கு வாங்கிய நாளும் விலையும் பயன்படும் காலமும் குறித்த ஒரு பதிவேடு வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒழுங்கும் பொறுமையும் போதும்.

கணக்கு முடிந்தபின் அதைத் தணிக்கையாளரிடமிருந்து வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடாமல், கூட்டாளிகள் எல்லாரும் ஒரு மாலைப்பொழுது ஒன்றாக உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும். பணம் போட்டுவிட்டு வீட்டிலிருக்கும் கூட்டாளியையும், இலாபத்தில் பங்கு பெறும் பெண்களையும் அக்கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். சென்ற ஆண்டின் இலக்கத்துக்கும் இவ்வாண்டின் இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் கேட்பது ஐயப்படுவதாகாது; 1932ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு அளித்துள்ள உரிமை அது. அக்கேள்விகளுக்கு விடை சொல்லத்தக்க வடிவில் கணக்கை வைத்திருப்பதற்கு இப்புதிய விதிகள் நமக்குத் துணை செய்யும். அவ்வகையில் இவற்றை நாம் வரவேற்கலாம்.